நிழலுக்கும் வரைபடம் போடும் ஊர்

உயரமான கட்டடங்களை வேடிக்கை பார்க்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், ருசியான கணக்குதான். டிசம்பர் 21 வாக்கில், மார்கழி தொடங்கிய சில நாட்களில், சென்னையில் நடுப்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து ஐம்பத்து மூன்றரை பாகை உயரத்தில் நிற்கும். ஆண்டிலேயே நமக்குக் கிடைக்கும் மிகத் தாழ்ந்த உச்சிவெயில் அது. சபா கான்டீனில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து ‘இதமா இருக்கே’ என்று சொல்வோமே, அந்த வெயில். நார்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் ஜூன் 21 அன்று, கோடையின் உச்சத்தில், சூரியன் எவ்வளவு உயரம் ஏறும் தெரியுமா? அதே ஐம்பத்து மூன்றரை. அவர்களுடைய அக்கினி நட்சத்திரம் நம்முடைய மார்கழி!

அப்படியென்றால் அவர்களுடைய மார்கழி? ஆறரை பாகைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காலை ஒன்பதேகாலுக்கு மேல் எழும் சூரியன் மத்தியானம் மூன்றேகாலுக்குள் போய்விடும். இப்போது அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் பெயர்த்து எடுத்து ஒஸ்லோவில் நட்டுப் பார்ப்போம். 1959-ல் கட்டியது, 177 அடி, அதாவது 54 மீட்டர். டிசம்பர் நடுப்பகலில் சென்னையில் அதன் நிழல் 40 மீட்டர் நீளும். ஒஸ்லோவிலோ 460 மீட்டர். அங்கே உயரக் கட்டடம் எழுப்புகிறவர் தம் மனையில்தான் எழுப்புகிறார். நிழல் பத்துத் தெரு தாண்டிப் போய் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் விழுகிறது.

அதனால்தான் அந்த ஊரில் கட்டட வரைபடத்தோடு நிழலுக்கும் வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் இந்த மணிக்கு இங்கே நிழல், மே முதல் தேதி அந்த மணிக்கு அங்கே நிழல் என்று சாம்பல் நிறக் கறைகளாக வரைந்து நகராட்சிக்குக் கொடுப்பார்கள். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். டிசம்பருக்குப் பெரும்பாலும் யாரும் சண்டை பிடிப்பதில்லை. அப்போது ஊர் முழுக்கவே நிழல், யார் நிழல் யார் மேல் விழுகிறது என்று எப்படிச் சொல்வது? சண்டையெல்லாம் வசந்தகால வெயிலுக்குத்தான். மார்ச் பிறந்ததும், பனி இன்னும் ஓரத்தில் கிடக்கும்போதே, ஜனங்கள் வெயில் படும் சுவராகத் தேடிப் போய், முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பூசை மாதிரி இருக்கும் பார்க்க. அந்தச் சுவரை மறைத்துக் கட்டுகிறவரை அவர்கள் லேசில் மன்னிப்பதில்லை.

ஏழு லட்சம் பேர் வாழும் ஊர். இதற்கு ஏன் உயரம்? காரணம் எளிது. தெற்கே கடலின் நீண்ட நாக்கு. மற்றப் பக்கமெல்லாம் காடு. அந்தக் காட்டில் வீடு கட்டக்கூடாது என்று 2009-ல் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பனிச்சறுக்குக்கும் காளான் பறிக்கவும் காடு வேண்டும் என்பதில் இடதுசாரி, வலதுசாரி பேதமே கிடையாது. பக்கவாட்டில் நகர முடியாத ஊர் மேலேதான் போக வேண்டும். ஆனால் மேலே போவதிலும் கூச்சம். நகரசபை மண்டபத்தின் செங்கல் கோபுரங்களில் உயரமானது 66 மீட்டர். அதை மிஞ்சுவது மரியாதைக் குறைவு என்று நெடுங்காலம் ஒரு எண்ணம் இருந்தது. 1990-ஐ ஒட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 37 மாடி, 117 மீட்டர் பிளாசா ஹோட்டல் கண்ணாடி ஊசியாக எழுந்தபோது பாதி ஊர் முகம் சுளித்தது. இன்றைக்கும் 42 மீட்டரைத் தாண்டினாலே அது ‘உயரக் கட்டடம்’ என்ற தனிக் கணக்கில் சேர்ந்துவிடும். நம்முடைய எல்.ஐ.சி. அங்கே வழக்கு வம்புக்கு ஆளாகியிருக்கும்.

என்னைச் சுற்றிக் காட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் வந்து, மின்வேலை கற்று, புதுக் கட்டடங்கள் பலவற்றின் சுவர்களுக்குள் வயர் இழுத்தவர். பெயர் போட வேண்டாம் என்றார், அண்ணை என்றாலே போதுமாம். “வெளியால பாக்கிறதை எல்லாரும் பாப்பினம், தம்பி. உள்ளுக்க என்ன கிடக்கெண்டு நான் காட்டுறன், வாங்கோ” என்று மூன்றாவது நிமிடமே நடக்கத் தொடங்கிவிட்டார். அறுபதைத் தாண்டியவர். நான் ஓட வேண்டியிருந்தது.

முதலில் பார்கோட். மத்திய ரயில் நிலையத்தின் முதுகுப்புறம், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில், பியோர்விக்கா என்ற பழைய துறைமுகப் பகுதியில், பன்னிரண்டு கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று ஒல்லி, ஒன்று தடி, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, நடுநடுவே இடைவெளி. தூரத்திலிருந்து பார்த்தால் பெயர்க் காரணம் தானே விளங்கிவிடும். டார்க், ஏ-லேப், நெதர்லாந்தின் எம்.வி.ஆர்.டி.வி. என்ற மூன்று கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து 2003-ல் போட்ட திட்டம். 2016-ல் வரிசை முடிந்தது. திட்டம் ஒன்று என்றாலும் கட்டடங்களை வரைந்த கைகள் வேறு வேறு. வங்கி, கணக்குத் தணிக்கை நிறுவனங்கள், கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள், மேலே வீடுகள். எம்.வி.ஆர்.டி.வி. கைவைத்த வங்கிக் கட்டடம், யாரோ செங்கல் பெட்டிகளை அடுக்கிவிட்டு நடுநடுவே உருவி எடுத்துவிட்டுப் போனதுபோல் மேடும் பள்ளமுமாக நிற்கிறது. எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்புதான்.

ஊர் சிரிக்கவில்லை. 2007, 2008 வாக்கில் பார்கோடை எதிர்த்து 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவில் சுவர் எழுப்புகிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. பின்னால் இருக்கும் குரோன்லாண்டும் பழைய நகரமும் குடியேறிகளும் தொழிலாளர்களும் வாழ்ந்த பகுதிகள். அவர்களுக்குக் கடல் தெரிய வேண்டாமா? அந்த இடைவெளிகள் இந்தக் கேள்விக்குத் திட்டக்காரர்கள் வைத்திருந்த பதில். எந்தக் கட்டடமும் அடுத்ததோடு ஒட்டக்கூடாது, குறைந்தது 12 மீட்டர் விட்டே நிற்க வேண்டும். தண்டவாளங்களுக்கு மேல் 206 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாலம் தொங்குகிறது, அக்ரோபாத்தென் என்று பெயர், 2011-ல் திறந்தது. அதன் நடுவில் நின்று பார்த்தேன். ஒரு இடைவெளியில் கொஞ்சம் நீலம். பத்து அடி நகர்ந்தால் நீலம் மறைந்து கண்ணாடி. இன்னும் பத்து அடி போனால் ஒரு படகின் மூக்கு. ஏழைக்குக் கடல் கீற்றுக் கீற்றாகத்தான் பரிமாறப்படுகிறது என்று அண்ணையிடம் சொன்னேன். “முந்தி இதில கண்டெய்னரும் பெருந்தெருவும்தான் நிண்டது, தம்பி. அப்ப கீற்றும் இல்லை” என்றார். அதுவும் சரிதான். வாயை மூடிக்கொண்டேன், ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இனிதான் எனக்குத் தலைகால் புரியாமல் போன பகுதி. மேலே அல்ல, கீழே.

பனியுகத்தின் பெரும் பனிப்பாளம் உருகியபோது இந்த நிலத்தில் கடல் இன்றைய மட்டத்துக்கு மேலே சுமார் 220 மீட்டர் வரை நின்றிருந்தது. பனியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல மெல்ல எழும்பி வந்தது. ஆக, ஒஸ்லோவின் பெரும்பகுதி முன்னாள் கடலடி. அடியில் நீலச் சாம்பல் களிமண், கெட்டித் தயிர் மாதிரி. அதுவும் பியோர்விக்கா, கடலை நிரப்பி எடுத்த நிலம். ஊருக்குள் ஓடிவரும் ஆகர்செல்வா ஆற்றங்கரை மரஅறுவை ஆலைகள் நூற்றாண்டுக் கணக்கில் கொட்டிய மரத்தூள், பழைய படகுத்துறைகளின் மரக்கட்டைகள், கப்பல்களிலிருந்து கொட்டிய கல், ஊர்க் குப்பை எல்லாம் படலம் படலமாகக் கிடக்கின்றன. இதன்மேல் பதினைந்து மாடியை எப்படி நிறுத்துவது? களிமண்ணையும் மரத்தூளையும் நம்பாமல், அடியில் கெட்டிப் பாறை வரும்வரை தூண்களை இறக்கிக்கொண்டே போக வேண்டும். கண்ணாடி மினுக்கிக்கொண்டு மேலே நிற்கும் கட்டடத்துக்குக் கீழே எவர் கண்ணுக்கும் படாமல் எஃகுக் கால்கள் ஒரு காடாக நிற்கின்றன. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஆழக் குழி தோண்டும்போது நிலத்தடி நீர் கசிந்து இறங்கினால் சுற்றியுள்ள களிமண் சுருங்கும். களிமண் சுருங்கினால் அக்கம்பக்கத்துப் பழைய கட்டடங்கள் உட்காரத் தொடங்கும். புதுக் கட்டடத்தின் தரம் அதன் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசலில் தெரியும் என்றார் அண்ணை. தொழில்காரர் சொல்.

அந்தக் குழிகளுக்குள் என்ன கிடைத்தது தெரியுமா? கப்பல்கள்! பார்கோடுக்காகத் தோண்டியபோது 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த படகுகளும் சிறு கப்பல்களுமாக ஒன்பதுக்குக் குறையாமல் வெளிப்பட்டன. காற்றே புகாத ஈரக் களிமண்ணில் ஓக், பைன் பலகைகள் நானூறு ஆண்டுகள் அழுகாமல் உறங்கியிருக்கின்றன. வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து உலரவிடக் கூடாது, உலர்ந்தால் சுருண்டு வெடித்துவிடும். நார்வே கடல்சார் அருங்காட்சியகத்து ஆட்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பலகை பலகையாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஆணித்துளை உட்பட முப்பரிமாணத்தில் கணினிக்குள் பதிந்தார்கள். படகுகளுக்கு வைத்த பெயர்தான் அழகு: பார்கோட் 1, பார்கோட் 2, பார்கோட் 3... இவற்றில் பார்கோட் 6 என்ற படகை அப்படியே அந்தக் காலத்து முறையில் மறுபடி செய்து, வோக்ஹால்ஸ் என்று பெயர் சூட்டித் தண்ணீரில் விட்டும் பார்த்துவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி செலவுக் கணக்கு. நார்வேயின் 1978-ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கப்பல் அரசுக்குச் சொந்தம். அகழாய்வுச் செலவு? பெரிய கட்டுமானம் என்றால் கட்டுகிறவர் தலையில். ஒரு வங்கித் தலைமையகத்துக்குக் கடைக்கால் தோண்டப் போய், ஒருவர் நானூறு ஆண்டுப் பழைய படகைக் கண்டுபிடித்து, அதைப் பாதுகாக்கவும் காசு கொடுத்து, அதுவரை வேலையையும் நிறுத்திவைக்க வேண்டும். கீழடியைச் சுற்றி மனை போடுகிறவர்களிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னால் அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பெருந்தெருவை மறைத்த கதையும் கீழேதான். ஐரோப்பிய நெடுஞ்சாலை ஒன்று இந்தக் கடலோரத்தையே விழுங்கிக்கொண்டு ஓடியது. அதைக் கடலுக்கு அடியில் இறக்கினார்கள். 112.5 மீட்டர் நீளத்தில் ஆறு காங்கிரீட் பெட்டிகளை நாட்டின் அந்தக் கோடியில், பெர்கன் நகருக்கு அருகே வார்த்து, வாயை அடைத்து மிதக்கவிட்டு, தென்கரையைச் சுற்றிக் கடல்வழியாக இழுத்துவந்து, ஒஸ்லோ விரிகுடாவில் மூழ்கடித்து ஒன்றோடொன்று பொருத்தினார்கள்! 2010-ல் வாகனங்கள் உள்ளே ஓடத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் மேலே ஊர் வர முடிந்தது. 2008-ல் திறந்த ஆபெரா மாளிகையின் பளிங்குக் கூரையில் இன்று குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள் என்றால், பக்கத்தில் தண்ணீருக்குக் கீழே லாரிகள் போய்க்கொண்டிருப்பதால்தான். சுரங்கச் சாலைக்கு மேலே, அதன் காற்றுப் போக்கிக் கோபுரங்களுக்குப் பக்கத்தில், லூசேத்தர் என்று ஒரு வயல்கூட இருக்கிறது. கண்ணாடி மாடிகளின் காலடியில் கம்புப் பயிர் போலக் கதிர் விட்டு நிற்கும் பழைய ரகத் தானியங்கள், ஒரு ரொட்டி அடுப்பு, நகரத்துக்கென்று ஓர் உழவர். மாடியில் இருப்பவர்கள் கீழே வந்து களை பிடுங்குகிறார்கள். கொஞ்சம் நாடகம் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் கதிர் நிஜம்.

சோரெங்கா என்ற பழைய கண்டெய்னர் மேடையில் இப்போது வரிசையாக அடுக்குமாடிகள். மூன்று பக்கமும் கடல், 2015 முதல் கடல்நீர் நீச்சல் குளம். பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை விரிகுடாவில் தள்ளி, தெற்கே போய்விட்டது. துறைமுகத்தை வைத்துக்கொள்வதா, வீடும் பூங்காவுமாக மாற்றுவதா என்ற கேள்விக்கு ‘கடலோர நகரம்’ என்று 2000-ல் நகர்மன்றம் எடுத்த முடிவின் விளைவு இதெல்லாம். பியோர்விக்கா முழுக்க முடியும்போது சுமார் 5,000 வீடுகள், 20,000 பேருக்கு வேலையிடம் என்பது கணக்கு. கரையோரமாகப் பொதுமக்கள் நடக்க 9 கிலோமீட்டர் பாதையை விட்டுவைத்திருக்கிறார்கள். வீடு யாருடையதாக இருந்தாலும் கரை ஊருக்கு. இந்த ஒரு விஷயத்தில் மனமாரக் கை தட்டினேன். ஆபெராவுக்குப் பக்கத்தில் மிதக்கும் நீராவிக் குளியல் அறைகள் கட்டிக் கிடக்கின்றன. டிசம்பரில், ஆவி பறக்க வெளியே ஓடிவந்து பனிக்கட்டித் தண்ணீரில் குதித்துவிட்டு, துண்டு கட்டிய ஈரத் தலையோடு ஒருவர் போகிறார். எதிரில் கோட்டும் சூட்டுமாக வங்கி ஊழியர் வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. ஒஸ்லோவின் உச்சபட்ச நாகரிகம் அதுதான்.

கடலோரத்தை விட்டு வடக்கே நீடாலென் போனோம். ஆணித் தொழிற்சாலையும் நூற்பாலையும் இருந்த ஆற்றங்கரை. சுரங்க ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டில் ஏறும்போது சுற்றிலும் ஒளி நிறம் மாறிக்கொண்டே வருகிறது, கூடவே இசை. மேலே வந்தால் எதிரே 18 மாடி, கருகிய மரப்பட்டை நிறத்தில். வெர்திகால் நீடாலென். ஆபெராவை வரைந்த அதே ஸ்னோஹெத்தா நிறுவனம் வரைந்தது. கீழே உணவகங்கள், அதற்கு மேல் ஐந்து மாடி அலுவலகம், அதற்கும் மேல் சுமார் 40 வீடுகள். இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? அலுவலக மாடிகளின் கூரைக்குள் பெரிய பெரிய காற்றுக் குழாய்கள் கிடையாது. சுவரிலுள்ள மடிப்புக் கதவுகளைக் கட்டடமே தேவைப்படும்போது திறக்கிறது, மூடுகிறது. காற்றழுத்த வித்தியாசத்தில் காற்று தானே நுழைந்து தானே வெளியேறுகிறது. சூடும் குளிர்ச்சியும் நிலத்துக்குள் துளைத்த கிணறுகளிலிருந்து. நம் பாட்டி வீட்டில் முற்றமும் எதிரெதிர் ஜன்னலும் செய்த வேலையை, பனி நாட்டில் பதினெட்டு மாடியில் உணர்கருவி வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள். “நீங்கள் இழுத்ததில ஆகக் குறைஞ்ச வயர் வேலை இப்பிடியான கட்டடங்களிலயோ அண்ணை?” என்று அவரைப் போலவே பேசிக் கிண்டினேன். “ஐயோ! கதவு ஒவ்வொண்டுக்கும் ஒரு வயர் வேணுமெல்லே?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

சரி, ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். திருட்டுத்தனம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊரே கதவைத் திறந்து வைக்கிறது. விற்பனைக்கு வரும் வீட்டை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வாசலில் நீல பிளாஸ்டிக் உறை, காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ள. உள்ளே போனால் மனிதர் வாழ்ந்த தடயமே இருக்காது. வீட்டை விற்பதற்கென்றே அலங்கரிக்கும் ஆட்கள் வந்து சொந்தக்காரரின் சோபாவை அப்புறப்படுத்தி, சாம்பல் நிறச் சோபா போட்டு, அதில் ஒரு கம்பளியை யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் சரித்துவிட்டு, சமையல் மேடையில் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் அடுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் எலுமிச்சம்பழம். வாங்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரே முகபாவத்தோடு குளியலறைத் தரையைக் குனிந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். எதற்கென்று தெரியாது.

அசல் கூத்து மறுநாள் பன்னிரண்டு மணிக்கு. விளம்பரப்படுத்திய கடைசிப் பார்வை நாளுக்கு அடுத்த வேலைநாள் பகல் 12 மணிக்கு முன்னால் முடிகிற கெடு வைத்து யாரும் விலை கேட்கக் கூடாது என்பது விதி. பன்னிரண்டு அடித்ததும் கைபேசிகள் துள்ளத் தொடங்கும். அலுவலகக் கழிப்பறையில், டிராமில், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே, வாழ்நாள் கடனை எழுத்தில் அனுப்புவார்கள். ஒருவர் ஏற்றினால் பதினைந்து நிமிடத்துக்குள் இன்னொருவர் ஏற்றுவார். எழுத்தில் கேட்ட விலை கேட்டதுதான். உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டால் பின்வாங்க முடியாது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. முடிந்ததும் யார் எப்போது எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியல் வாங்கியவர் கைக்கு வரும். தோற்றவரும் பெயர்கள் மறைத்த பிரதியைக் கேட்டு வாங்கலாம். தரகர் கள்ள விலை ஏற்றினாரோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. நம் ஊரில் வீடு வாங்கிய எவரும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

கடலோர மாடிகளின் விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாது. முதல் தடவை ஊர் இப்படிக் கட்டிக் குவித்தபோது என்ன நடந்தது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். 1890-களில் கடன் வாங்கி வாங்கி நாலு மாடி, ஐந்து மாடி வாடகைக் கட்டடங்களை எழுப்பினார்கள். 1899-ல் அந்தக் குமிழி உடைந்து, வீடுகள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. அந்தக் கட்டடங்கள்தான் இன்று ஊரிலேயே மிகவும் விரும்பப்படுபவை என்பது வேறு விஷயம்.

மாலை அண்ணை தம் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கிழக்கே, அம்மெருட். 1966-ல் சுரங்க ரயில் வந்தபோது அதன் தண்டவாளத்தோடு கூடவே முளைத்த பகுதி. மேட்டின்மேல் 13 மாடி நீளத் தொகுதிகள், ஹோகோன் மியெல்வா வரைந்தவை. அறுபதுகளில் ஒஸ்லோ உயரக் கட்டியது பணக்காரருக்கு அல்ல, வீடில்லாத தொழிலாளருக்கு. நகர் நடுவே எனர்ஹௌகன் குன்றிலிருந்த சின்னச் சின்ன மரவீடுகளை இடித்துவிட்டு அங்கும் உயரத் தொகுதிகள் எழுப்பினார்கள். ஐந்து மரவீடுகள் மட்டும் தப்பி, நாட்டுப்புற அருங்காட்சியகத்தில் போய் நிற்கின்றன. அம்மெருட் மாடிகளைப் பற்றி 1969-ல் ஆய்வாளர்கள் ‘அம்மெருட் அறிக்கை’ என்று ஒன்றை எழுதி, இப்படியா மனிதரை அடுக்குவது என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு உயர மாடி என்றால் முகம் சுளிப்பது வழக்கமாகிவிட்டது. வெள்ளைக்காரர் மெல்ல மெல்ல வேறு இடம் பார்க்க, அந்த மாடிகளில் பாகிஸ்தானியரும் சோமாலியரும் நம்மவரும் குடியேறினார்கள்.

நம்மவர் கதை 1956-ல், யாழ்ப்பாணத்து அந்தோணி ராஜேந்திரம் நார்வேக்கு வந்து இறங்கியதிலிருந்து தொடங்குகிறது. பிறகு படிக்க வந்தவர்கள், வடக்கே மீன் தொழிற்சாலைகளில் கை விறைக்க நின்றவர்கள், போருக்குத் தப்பி வந்தவர்கள் என்று பெருகி, இந்தக் கிழக்குப் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பள்ளி, முருகன் கோயில், தேர் என்று நிலைத்துவிட்டார்கள். குழந்தையாக வந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015-ல் ஒஸ்லோவின் துணை மேயரானார். கட்டடங்களின் உயரத்துக்கு ஓட்டுப் போடும் அதே மன்றத்தில் ஒரு தமிழ்ப் பெண்!

பதினோராவது மாடி. கதவைத் திறந்ததும் கறிவேப்பிலை வாசம். பால்கனிக்குப் போனேன். அடேயப்பா! பள்ளத்தாக்கு முழுதும், காட்டின் கறுப்பு விளிம்பு, தூரத்தில் பிளாசா ஊசி, அதற்கப்பால் வெள்ளிக் கோடாய் விரிகுடா. கடலோரத்தில் கோடிகள் கொடுத்து வாங்கிய பால்கனியிலிருந்து எதிர்ப் பால்கனிதான் தெரிகிறது. இங்கே ஊரே தெரிகிறது. “தைப்பொங்கலுக்கு இதில கோலம் போட்டுத்தான் சூரியனுக்குப் படைக்கிறது. ஒன்பது மணிக்குத்தான் எழும்புவார், அதுவரைக்கும் பானை பொறுத்திருக்க வேணும்” என்றார் அக்கா, அண்ணையின் மனைவி, தேநீரோடு வந்து. பொங்கலன்று உச்சியிலும் ஒன்பது பாகையை எட்டாத சூரியன். நடுவில் ஒரு கோபுரம் எழுந்தால் படையல் நிழலுக்குத்தான். பள்ளத்தாக்கின் பழைய தொழிற்பேட்டைகளில் புது மாடிகள் வரத் திட்டங்கள் இருக்கின்றன. அக்கா ஒவ்வொரு நிழல் வரைபடத்தையும் இறக்கிப் பார்க்கிறார். இதுவரை தங்கள் பால்கனிக்கு ஆபத்தில்லையாம்.

பிள்ளைகளுக்கும் இந்தப் பக்கமே வீடு கிடைக்குமா என்று கேட்டேன். அண்ணை சிரித்தார். கிழக்கு மாடிகளில் பல ஒபோஸ் என்ற வீட்டு வசதிக் கூட்டுறவைச் சேர்ந்தவை. 1929-ல் தொடங்கியது. அதில் ஒரு விசேஷம். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் அந்த ஏலக் கூத்தெல்லாம் முடிந்து, ஒருவர் வென்று, இனிப்பும் வாங்கி வைத்த பிறகு, கூட்டுறவில் அவரைவிட மூத்த உறுப்பினர் ஒருவர் கை தூக்கலாம். ‘அதே விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்!’ வீடு அவருக்குப் போய்விடும். பணம் எவ்வளவு என்பது போக, எத்தனை ஆண்டு உறுப்பினர் என்பதும் பேசும். ஆகவே விவரம் தெரிந்த குடும்பங்கள் பிள்ளை வளரக் காத்திருப்பதில்லை.

“பேத்தி பிறந்து ரெண்டு கிழமை” என்றார் அக்கா, உள்ளறைத் தொட்டிலைக் காட்டி. “பேர் இன்னும் முடிவாகேல்லை. மகள் ஒண்டு சொல்லுறா, மருமகன் ஒண்டு சொல்லுறார்.”

“பேர் முடிவாகட்டும்” என்றார் அண்ணை. “முடிவாகின அண்டைக்கே ஒபோஸில பதியிறது. படிவம் நான் நிரப்பி வைச்சிருக்கிறன்.”